வீட்டில் வைத்துக்கொள்ளத் தகுந்த ஒளிப்பட நூல்கள்

சில ஆண்டுகளாகக் கேமராவுடன் பழகிவரும் ஒருவர், வீட்டில் ஓர் அலமாரித் தட்டு நிறையும் அளவுக்கு ஒளிப்பட நூல்களைச் சேர்க்க எண்ணியிருக்கிறார். எதில் தொடங்குவது, எவற்றைத் தவிர்ப்பது, பள்ளி செல்லும் பிள்ளைகளும் எடுத்துப் புரட்டும் வீட்டுக்கு எவை பொருந்தும் என்பவை அவருடைய கேள்விகள். ஏறக்குறைய இருபது நூல்களோடு நிறுத்திக்கொள்வதாகவும் சொல்லியிருக்கிறார். அது நல்ல வரம்பு. ஒளிப்பட நூலை ஒருமுறை படித்து முடித்து மூடிவைத்துவிட முடியாது. பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தால்தான் அதில் இருப்பது பிடிபடும் என்பதால், எண்ணிக்கை குறைவாக இருக்கும்போதே ஒவ்வொன்றுக்கும் உரிய நேரம் கிடைக்கும்.

ஒளிப்படம் தொடர்பான நூல்கள் பெரும்பாலும் மூன்று வகைப்படும்: படம் எடுக்கும் முறையைக் கற்பிப்பவை, ஒளிப்படத்தைப் பற்றிச் சிந்திப்பவை, கலைஞர் ஒருவர் தம் படங்களைக் கொண்டே ஆக்கிய நூல்கள். புதிதாக வாங்குபவர்களில் பலர் முதல் வகையில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள். நான் பரிந்துரைப்பது இதற்கு நேர்மாறான வழி. மூன்றாம் வகையே உங்கள் சேகரிப்பின் பெரும்பகுதியாக இருக்க வேண்டும். அதிலும், ஒரு கலைஞரின் புகழ்பெற்ற படங்களைப் பிறர் பொறுக்கி அடுக்கிய தடித்த தொகுப்புகளைக் காட்டிலும், எந்தப் படத்துக்குப் பின் எந்தப் படம் வர வேண்டும், எந்தப் பக்கத்தை வெறுமையாக விட வேண்டும் என்பது வரை எண்ணி அமைக்கப்பட்ட நூல்களையே தேட வேண்டும். தனித்தனிப் படங்களைத் திரையில் எவ்வளவு வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒரு படம் அடுத்த படத்தின் பொருளை மாற்றிவிடுவதை நூலில்தான் பார்க்க முடியும்.

அதனால் முதலில் வாங்க வேண்டியது ராபர்ட் ஃபிராங்கின் 'தி அமெரிக்கன்ஸ்'. சுவிட்சர்லாந்தில் பிறந்து நியூயார்க்கில் குடியேறிய ஃபிராங்க், கலைஞர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் வழங்கப்படும் குகன்ஹைம் நல்கை கிடைத்ததும் 1955, 1956ஆம் ஆண்டுகளில் பழைய கார் ஒன்றில் அமெரிக்காவின் குறுக்கும் நெடுக்கும் பயணம் செய்தார். எடுத்த படங்கள் 20,000க்கும் மேல். நூலில் இடம்பெற்றவை 83. பாரிஸில் ராபர்ட் டெல்பீர் 1958இல் இதை முதலில் வெளியிட்டார். எழுத்தாளர் ஜாக் கெரோவாக்கின் முன்னுரையோடு நியூயார்க்கில் குரோவ் பிரஸ் பதிப்பு 1959இல் வந்தது. இவ்விரு பதிப்புகளையும் ஒப்பிட்டாலே, நூல் வடிவம் என்ன செய்கிறது என்பது விளங்கும். பிரெஞ்சுப் பதிப்பில் படங்களுக்கு எதிரே இடப்பக்கங்களில் அமெரிக்காவைப் பற்றிப் பல எழுத்தாளர்கள் எழுதிய பகுதிகள் அச்சிடப்பட்டிருந்தன. படங்கள் அந்த எழுத்துக்குத் துணையாக வந்தவைபோலத் தோன்றின. அமெரிக்கப் பதிப்பில் அந்த எழுத்துகள் நீக்கப்பட்டன. வலப்பக்கத்தில் ஒரு படம், இடப்பக்கத்தில் படம் ஏதும் இல்லாத வெண்மை என்று ஆனதும், அதே படங்கள் வேறொரு நூலாகிவிட்டன.

இந்நூலில் மூன்று பக்கங்களை மட்டும் இங்கே எடுத்துக்காட்டுகிறேன். கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் எடுத்த படத்தில், இரண்டு பனை மரங்களுக்கு இடையே பளபளக்கும் துணி போர்த்தப்பட்ட கார் ஒன்று நிற்கிறது. பக்கத்தைத் திருப்பினால் அரிசோனாவில் 66ஆம் எண் நெடுஞ்சாலையோரம். விபத்தில் இறந்தவரின் உடல் போர்வையால் மூடப்பட்டுத் தரையில் கிடக்க, சிலர் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மீண்டும் திருப்பினால் நியூ மெக்சிகோவின் 285ஆம் எண் சாலை, அடிவானம் வரை நேராக நீண்டு, தொலைவில் எதிரே வரும் ஒரே ஒரு வாகனத்தோடு கிடக்கிறது. முதல் படத்தைத் தனியாகப் பார்த்திருந்தால், வெயிலில் காரைப் பேணும் அக்கறை என்று கடந்துபோயிருப்போம். இரண்டாவதைப் பார்த்தபின் அந்தப் போர்வையை மறுபடி பார்க்கப் பக்கத்தைப் பின்னோக்கித் திருப்புகிறோம். மூன்றாவதுக்கு வரும்போது அந்த வெற்றுச் சாலையே அச்சம் தருவதாகிவிடுகிறது. மூன்று படங்களுக்கும் விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. இப்படி ஒரு வரிசையை ஒருமுறை உணர்ந்தவர், பிறகு தாம் எடுத்த படங்களை அடுக்கும்போதும் வேறு விதமாகவே அடுக்குவார்.

ஸ்டைடில் பதிப்பகம் 2008இல் வெளியிட்ட பதிப்பு கிடைத்தால் அதையே வாங்குங்கள். பழைய பிரிண்டுகளிலிருந்து புதிதாக ஸ்கேன் செய்து, ஃபிராங்கே உடனிருந்து மேற்பார்வையிட்டு அச்சிட்டது அது. முதல் பதிப்புதான் வேண்டும் என்று தேடி அலைவதில் பொருளில்லை. அது முதலீட்டாளர்களின் கவலை.

இரண்டாவதாக, ஃபிராங்க் யாரிடம் கற்றாரோ அவருடைய நூல். வாக்கர் எவன்ஸின் 'அமெரிக்கன் போட்டோகிராஃப்ஸ்' 1938இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் வெளியீடாக வந்தது. 87 படங்கள், இரண்டு பகுதிகள். படத்தின் அருகில் தலைப்புகள் கிடையா. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் மொத்தமாகத் தரப்பட்டிருக்கும். முதல் படத்தில் இருப்பது ஓட்டுநர் உரிமத்துக்குப் படம் எடுத்துக்கொடுக்கும் சிறிய கடை. இரண்டாவது படத்தில் சவானா நகரத்து ஸ்டூடியோ ஒன்றின் கண்ணாடிச் சன்னல் முழுக்க ஒட்டப்பட்ட நூற்றுக்கணக்கான சின்னஞ்சிறு முகப்படங்கள். நாட்டைக் காட்டத் தொடங்கும் முன், அந்த நாடு தன்னைத் தானே எப்படிப் படம் பிடித்துக்கொள்கிறது என்று காட்டிவிட்டுத்தான் எவன்ஸ் உள்ளே அழைத்துச் செல்கிறார். ஆரவாரமே இல்லாத நூல். முதல் பார்வையில் சலிப்பாகக்கூட இருக்கலாம். ஆனால் நேராக நின்று, எதையும் மிகைப்படுத்தாமல் எடுப்பதில் எவ்வளவு வலிமை இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் கற்பிக்கும் நூலை நான் அறியேன்.

ஆன்ரி கார்த்தியே பிரெஸ்ஸோனைப் பற்றிக் கேட்காதவர் இருக்க மாட்டார்கள். அவருடைய 'தி டிசைசிவ் மொமென்ட்' 1952இல் தெரியாத் என்ற பதிப்பாளரால் வெளியிடப்பட்டது. அட்டையை வரைந்தவர் ஓவியர் மத்தீஸ். ஏறக்குறைய 37 சென்டிமீட்டர் உயரம், கிராவ்யூர் என்ற செதுக்குத் தகட்டு முறையில் ஆழ்ந்த கருமையோடு அச்சிட்ட படங்கள், முன்னால் அவரே எழுதிய நீண்ட கட்டுரை. பல்லாண்டுகள் கிடைக்காமலிருந்து, 2014இல் அதே அளவில் மறுபதிப்பாயிற்று. இதன் பெயரே ஒரு சூத்திரம்போல ஆகிவிட்டதால், சரியான நொடியில் பொத்தானை அழுத்துவதுதான் அவர் சொன்னது என்று பலர் எண்ணுகிறார்கள். கட்டுரையைப் படித்தால், அவர் அதற்கு இணையாகச் சட்டகத்துக்குள் கோடுகளும் வடிவங்களும் அமையும் ஒழுங்கைப் பற்றியும் கவலைப்பட்டார் என்பது தெரியும். அலமாரியில் இவ்வளவு பெரிய நூலுக்கு இடமில்லையென்றால் இதைத் தள்ளிப்போடலாம். ஆனால் இதற்குப் பதிலாகச் சிறு அளவில் சுருக்கி அச்சிட்ட தொகுப்பொன்றை வாங்கி நிறைவடைய வேண்டாம். இவருடைய படங்களில் தொலைவில் நிற்கும் சிறு உருவங்களே பெரும்பாலும் படத்தைத் தாங்கி நிற்பவை, அளவு குறைந்தால் முதலில் மறைபவையும் அவைதாம்.

மனிதர்களைப் படமெடுப்பதில் விருப்பமுள்ளவருக்கு ஆகஸ்ட் சாண்டர் இன்றியமையாதவர். 1929இல் வந்த அவருடைய 'அன்ட்லிட்ஸ் டேர் ஸைட்' நூலில் 60 படங்கள். முன்னுரை எழுதியவர் நாவலாசிரியர் ஆல்ஃப்ரெட் டோப்ளின். உழவர், தொழிலாளர், மாணவர், அதிகாரி, கலைஞர் என்று ஜெர்மன் சமூகத்தின் அடுக்குகளை ஒரே வகையான பொறுமையோடு, ஒரே வகையான மரியாதையோடு சாண்டர் பதிவு செய்தார். யாரையும் உயர்த்திக் காட்டாத அந்தச் சமநிலை நாஜி ஆட்சிக்கு உவப்பாக இல்லை. 1936இல் நூலின் அச்சுத் தகடுகள் அழிக்கப்பட்டன. முகம் நடுவில், கைகள் தெரியும்படி, அவரவர் தொழிலுக்குரிய இடத்திலோ உடையிலோ நிற்கவைத்து எடுப்பது எளிய முறைதான். ஆனால் வெவ்வேறு மனிதர்களை அதே முறையில் தொடர்ந்து பார்த்துக்கொண்டே போகும்போது, ஒருவர் கைகளை வைத்துக்கொள்ளும் விதமே அவரைப் பற்றி எவ்வளவு சொல்லிவிடுகிறது என்பது கண்ணுக்குப் பழகிவிடுகிறது.

இதே வரிசையில் சற்றே அறியப்படாத ஒரு சிறு நூலையும் சேர்க்க விரும்புகிறேன். ராய் டிகராவாவின் படங்களுக்குக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் எழுதிய சொற்களோடு 1955இல் வந்த 'தி ஸ்வீட் ஃபிளைபேப்பர் ஆஃப் லைஃப்' அது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வாழும் கறுப்பினக் குடும்பங்களின் அன்றாடத்தை, மேரி பிராட்லி என்ற பாட்டி தன் பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசும் குரலில் ஹியூஸ் கதையாக்கினார். படத்தில் இருப்பவர்கள் உண்மை மனிதர்கள், பாட்டி கற்பனை. சட்டைப்பைக்கு நெருக்கமான அளவில், மலிவாகக் கிடைக்கும்படி வெளியிடப்பட்ட நூல். 2018இல் மறுபடியும் அச்சுக்கு வந்தது. வீட்டில் எல்லோரும் படிக்கக்கூடிய, படிக்கும்போதே படங்களைப் பார்க்கவும் வைக்கும் நூல் என்ற வகையில் இதற்கு ஈடாக மிகச் சிலவே உள்ளன. டிகராவாவின் படங்கள் இருண்டவை. கறுப்புக்குள் கறுப்பாக இருக்கும் அந்த நுண்ணிய வேறுபாடுகளுக்காக மட்டுமே இதை நல்ல வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

வண்ணத்துக்கு வருவோம். 1976இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் வில்லியம் எகிள்ஸ்டனின் கண்காட்சியை நடத்தியபோது, கலை என்றால் கறுப்பு வெள்ளைதான் என்ற எண்ணம் இன்னும் வலுவாக இருந்தது. விமர்சகர்கள் கடுமையாகத் தாக்கினார்கள். அதனோடு வந்த 'வில்லியம் எகிள்ஸ்டன்ஸ் கைட்' நூலில் 48 படங்கள். அட்டையில் ஒரு குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள். தரையோடு தரையாகக் கேமராவை வைத்து எடுத்ததால், பின்னால் உள்ள வீடுகளையும் காரையும்விட அது பெரிதாக எழுந்து நிற்கிறது. முன்னுரை எழுதிய ஜான் ஸார்கோவ்ஸ்கி அந்த அருங்காட்சியகத்தின் ஒளிப்படத் துறைத் தலைவர். அவருடைய பெயர் கீழே மறுபடியும் வரும். எகிள்ஸ்டனின் படங்களில் வண்ணம் அலங்காரமாக வராமல் படத்தின் பொருளாகவே வருகிறது. அதை உள்வாங்கிக்கொள்ள நேரம் பிடிக்கும் என்பதால், வண்ணப் படங்களுக்குப் புதியவர்கள் சால் லைட்டரின் 'எர்லி கலர்' நூலில் தொடங்கலாம். 1940களின் இறுதியிலிருந்து அவர் எடுத்து வைத்திருந்த நியூயார்க் தெருப் படங்கள் 2006இல்தான் இந்நூலாக வெளிவந்தன. நீராவி படிந்த கண்ணாடி, பனியில் ஒரு சிவப்புக் குடை, மறைப்புகளுக்கு இடையே தெரியும் பாதி உருவம் என்று பார்த்தவுடன் இன்பம் தருபவை. ரகுபீர் சிங்கின் 'ரிவர் ஆஃப் கலர்', 1998, இதற்கு நேரெதிரான திறமையைக் காட்டுகிறது. ஒரே சட்டகத்துக்குள் ஐந்தாறு நிகழ்ச்சிகள் ஒரே நேரத்தில் நடந்தாலும் படம் சிதறாமல் நிற்பதை அதில் பார்க்கலாம். நெரிசலான இடங்களில் படமெடுப்பவர்கள் இதை மெதுவாகப் பயில வேண்டும். அலெக்ஸ் வெப்பின் 'தி சஃபரிங் ஆஃப் லைட்', 2011, அதே பாதையில் இன்னும் கூர்மையான நிழல்களோடு செல்வது.

ஜப்பானிய நூல்களில் ஒன்றாவது வேண்டும். ஒளிப்பட நூலைக் கண்காட்சிக்குத் துணையான பொருளாகக் கருதாமல், அதையே முதன்மைப் படைப்பாகக் கருதும் வழக்கம் அங்கே ஆழமானது. கிகுஜி கவாடாவின் 'சிஸு' 1965 ஆகஸ்ட் 6 அன்று, ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த இருபதாம் ஆண்டு நாளில் வெளியானது. மடிப்புப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும்படி அமைத்த நூல். மசாஹிசா ஃபுகாஸேயின் காக்கைகளைப் பற்றிய நூல் 1986இல் வந்தது. மணமுறிவுக்குப் பின் அவர் எடுத்த படங்கள் அவை. இரண்டும் பெரும் படைப்புகள், இரண்டும் மனத்தைக் கனக்கச் செய்பவை. வீட்டின் பொது அலமாரிக்கு ரின்கோ கவாவுச்சியின் 'உடடானே', 2001, பொருத்தமாக இருக்கும் என்பது என் எண்ணம். சிறு சிறு அன்றாடப் பொருள்களைச் சதுரச் சட்டகத்தில் மென்மையான வண்ணத்தில் எடுத்து, எதிரெதிர்ப் பக்கங்களில் எதிர்பாராத இணைகளாக வைத்திருக்கிறார். இரண்டு படங்களை ஏன் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார் என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். பெரியவர்களைவிட அவர்கள் விரைந்து விடை சொல்வார்கள்.

நூல் வடிவத்தையே வளைத்துப் பார்ப்பவர்களில் தயானிதா சிங் முக்கியமானவர். 2008இல் வந்த 'சென்ட் எ லெட்டர்' ஒரு சிறு பெட்டிக்குள் ஏழு குட்டி நூல்களாக இருக்கும். ஒவ்வொன்றும் விசிறி மடிப்பாகப் பிரிந்து, மேசைமேல் நிறுத்தினால் ஒரு சின்னக் கண்காட்சியாகிவிடும். 'மியூசியம் ஆஃப் சான்ஸ்' நூலிலோ உள்ளே இருக்கும் படங்களே பிரதிக்குப் பிரதி மாறி மாறி அட்டையில் வருகின்றன. வாங்குபவர் தமக்குப் பிடித்த முகப்பைத் தேர்ந்துகொள்ளலாம், சுவரில் மாட்டியும் வைக்கலாம்.

இனி, பார்க்கக் கற்றுத்தரும் எழுத்துகள். இவ்வகையில் ஒரே ஒரு நூல்தான் வாங்க முடியும் என்றால், தயக்கமின்றி ஸார்கோவ்ஸ்கியின் 'லுக்கிங் அட் போட்டோகிராஃப்ஸ்' என்பேன். 1973இல் வந்தது. அருங்காட்சியகச் சேகரிப்பிலிருந்து 100 படங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே ஒரு பக்கம் எழுத்து. கலைஞரின் வாழ்க்கைக் குறிப்பை எழுதிப் பக்கத்தை நிரப்பாமல், கண்முன் உள்ள படத்தில் என்ன நடக்கிறது என்பதையே ஒவ்வொரு முறையும் அவர் எழுதுகிறார். நாளுக்கு ஒரு படம் என்று பார்த்துவிட்டு, பிறகு எழுத்தைப் படிப்பது நல்ல முறை. அதற்கு முன் 1966இல் அவர் வெளியிட்ட 'தி போட்டோகிராஃபர்ஸ் ஐ', பொருள், நுணுக்கம், சட்டகம், காலம், பார்வைக்கோணம் என்று ஐந்து தலைப்புகளில் ஒளிப்படத்தின் இயல்பைப் பிரித்துக் காட்டுகிறது. இதே பெயரில் மைக்கேல் ஃப்ரீமன் 2007இல் எழுதிய வேறொரு நூலும் உண்டு. அது சட்டக அமைப்பைப் படிப்படியாகக் கற்பிக்கும் பாடநூல், அந்த அளவில் நல்ல நூல். வாங்கும்போது ஆசிரியர் பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சூசன் சொன்டாக்கின் 'ஆன் போட்டோகிராஃபி', 1977, ரோலான் பார்த்தின் 'கேமரா லூசிடா', 1980, ஜான் பெர்ஜரின் கட்டுரைகள் ஆகியவை எல்லாப் பட்டியலிலும் இருப்பவை. சொன்டாக் ஒளிப்படத்தை ஐயத்தோடு அணுகுபவர்; அவரோடு வாதாடிக்கொண்டே படிக்க வேண்டும். பார்த்தின் நூல் தாயை இழந்த மகனின் துயரிலிருந்து எழுந்தது. தாயின் சிறுவயதுப் படமொன்றைச் சுற்றியே இரண்டாம் பாதி முழுவதும் அமைந்திருந்தாலும், அந்தப் படத்தை மட்டும் அவர் நூலில் அச்சிடவில்லை; மற்றவர்களுக்கு அது வெறும் ஒரு பழைய படமாகவே இருக்கும் என்பதால். குடும்ப ஆல்பம் வைத்திருக்கும் எவருக்கும் இந்த ஒரு பகுதிக்காகவே அந்த நூல் பயன்படும். மூன்றையும் ஒரே நேரத்தில் வாங்க வேண்டியதில்லை. பார்த்தில் தொடங்கினால் போதும்.

தொழில்நுட்ப நூல்களைப் பொறுத்தவரை எனக்கு உறுதியான கருத்து உண்டு. குறிப்பிட்ட கேமரா மாடலுக்கோ மென்பொருள் பதிப்புக்கோ எழுதப்பட்ட வழிகாட்டிகளை வாங்கவே வேண்டாம். அடுத்த மாடல் வந்ததும் அவை பழங்கணக்காகிவிடும். ஒளி நடந்துகொள்ளும் விதம் மாறுவதில்லை. எனவே ஒளியமைப்புக்கு, ஹன்டர், பைவர், ஃபுகுவா ஆகிய மூவரும் எழுதிய 'லைட்: சயன்ஸ் அண்ட் மேஜிக்' ஒன்றே போதும். கண்ணாடி, உலோகம் போன்ற பளபளப்பான பொருள்களில் ஒளி எந்தக் கோணங்களிலிருந்து வந்தால் கேமராவுக்குள் திரும்பி வரும் என்பதை அது விளக்கும் முறை, மூக்குக் கண்ணாடி அணிந்தவரின் முகத்தில் வெள்ளைப் பட்டை விழுவதைத் தவிர்ப்பது வரை எல்லாவற்றுக்கும் பயன்படுகிறது.

ஆன்சல் ஆடம்ஸின் 'தி கேமரா', 'தி நெகட்டிவ்', 'தி பிரிண்ட்' என்ற மூன்று நூல்கள் ஃபிலிமில் எடுப்பவருக்கு இன்றும் வேதம். டிஜிட்டலில் மட்டும் எடுப்பவருக்கு அவற்றுக்குப் பதிலாக அவருடைய 'எக்ஸாம்பிள்ஸ்: தி மேக்கிங் ஆஃப் 40 போட்டோகிராஃப்ஸ்', 1983, என்ற நூலைப் பரிந்துரைக்கிறேன். நாற்பது படங்கள் எப்படி எடுக்கப்பட்டன என்று அவரே சொல்கிறார். 1941இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னான்டஸ் சிற்றூரில் நிலவு எழும் அந்தப் படத்தின் கதை இதில் இருக்கிறது. சூரியன் மேகத்துக்குப் பின்னே இறங்கிக்கொண்டிருந்தது. கல்லறைச் சிலுவைகளின்மேல் கடைசி வெளிச்சம். காரை நிறுத்தி, பெரிய கேமராவை அவசரமாக நிறுத்திய பிறகு, ஒளிமானி கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவருக்கு நினைவிருந்தது. அதை அடிப்படையாக வைத்து மனக்கணக்காகவே எக்ஸ்போஷரை, அதாவது ஃபிலிமில் விழ வேண்டிய ஒளியின் அளவைத் தீர்மானித்து, லென்ஸின் துளையை எஃப் 32 அளவுக்குச் சுருக்கி ஒரு விநாடி கொடுத்தார். இன்னொன்று எடுப்பதற்காக ஃபிலிம் ஹோல்டரைத் திருப்புவதற்குள் சிலுவைகளை விட்டு வெளிச்சம் போய்விட்டது. எக்ஸ்போஷரைப் பற்றிய பாடம் எவ்வளவு இருந்தாலும், அளவுகளை மனத்தில் ஏற்றி வைத்திருப்பது எதற்கு என்பதை இந்த இரண்டு பக்கங்கள்போல வேறெதுவும் சொல்வதில்லை.

கலைஞர்கள் எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதைப் பார்க்க மேக்னம் என்ற ஒளிப்படக் கலைஞர் கூட்டமைப்பின் 'மேக்னம் காண்டாக்ட் ஷீட்ஸ்', 2011. ஃபிலிம் சுருளின் எல்லாச் சட்டகங்களும் வரிசையாகப் பதிந்த காண்டாக்ட் ஷீட்டுகளை, தேர்வுக் குறிகளோடு அப்படியே காட்டும் நூல் இது. நாம் அறிந்த அந்த ஒரு படத்துக்கு முன்னும் பின்னும் எடுத்தவற்றைப் பார்க்கும்போது, கலைஞர் இடம் மாறி நின்றது, காத்திருந்தது, தவறவிட்டது எல்லாம் வெளிப்படுகின்றன. ஒரு காட்சிக்கு ஒரு படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடும் பழக்கமுள்ளவர்களுக்கு இதைவிடச் சிறந்த மருந்து இல்லை.

வரலாற்று நூல் ஒன்று வேண்டுமானால் நேயோமி ரோஸன்ப்ளமின் 'எ வேர்ல்ட் ஹிஸ்டரி ஆஃப் போட்டோகிராஃபி' போதுமானது. மார்ட்டின் பாரும் ஜெரி பேட்ஜரும் 2004, 2006, 2014 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட 'தி போட்டோபுக்: எ ஹிஸ்டரி' அடுத்து எதைத் தேடலாம் என்று காட்டும் நல்ல வரைபடம். அதை நூலகத்தில் பார்த்துக்கொள்ளலாம். அதில் உள்ள பழைய பதிப்புகளைத் தேடிச் சேர்க்கத் தொடங்கினால், பார்ப்பதற்காகத் தொடங்கிய சேகரிப்பு வேட்டையாக மாறிவிடும்.

பிள்ளைகளைப் பற்றி. வீட்டில் எல்லா நூல்களும் எல்லா வயதினர் கைக்கும் எட்டும்படி இருக்க வேண்டியதில்லை. நேன் கோல்டின் என்ற கலைஞரின் 'தி பாலட் ஆஃப் செக்ஷுவல் டிபென்டன்சி', டயான் ஆர்பஸின் 1972ஆம் ஆண்டு நூல், யூஜின் ஸ்மித்தும் ஐலீன் ஸ்மித்தும் பாதரச நச்சால் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி 1975இல் வெளியிட்ட 'மினமாடா' ஆகியவை பெரும் நூல்கள். அவற்றை மேல் தட்டில் வைத்து, பிள்ளைகள் வளர்ந்தபின் உடனிருந்து பார்க்கலாம். கீழ்த் தட்டுக்கு ழாக் ஆன்ரி லார்த்தீக்கின் சிறுவயதுப் படங்கள் அடங்கிய ஏதேனும் ஒரு நூலைத் தேடுங்கள். 1894இல் பிறந்த அவர் சிறுவனாக இருந்தபோதே கேமரா கிடைத்துவிட்டது. படிகளுக்கு மேலே அந்தரத்தில் பறக்கும் உறவுக்காரப் பெண், தானே செய்த வண்டியில் பாயும் அண்ணன் என்று ஒரு சிறுவனின் கண்ணுக்கு வேடிக்கையாகப் பட்டதையெல்லாம் எடுத்தார். எலியட் எர்விட்டின் 'டாக் டாக்ஸ்' முழுக்க நாய்கள். சிரிக்க வைத்துக்கொண்டே, கேமராவைக் கீழே இறக்கி நாயின் உயரத்திலிருந்து உலகைப் பார்க்கக் கற்பித்துவிடும். 68 நாடுகளின் 503 படங்களோடு 1955இல் வந்த 'தி ஃபேமிலி ஆஃப் மேன்', மனித குலம் ஒன்றே என்று சொல்லும் ஆர்வத்தில் வேறுபாடுகளை அழித்துவிடுகிறது என்ற விமர்சனத்துக்கு உள்ளானது. அந்த விமர்சனத்தில் நியாயம் உண்டு. ஆயினும் பத்து வயதுப் பிள்ளை தரையில் விரித்துவைத்துப் பார்க்க அது இன்றும் நல்ல நூலே.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. கறுப்பு வெள்ளைப் படங்களை ஒரே மையில் அச்சிட்டால் நிழல்கள் சாம்பலாகத் தட்டையாகிவிடும்; இரண்டு அல்லது மூன்று மைகளில் அச்சிடும் டூயோடோன், டிரைடோன் முறைகளில்தான் கருமைக்கு ஆழம் கிடைக்கும். நூல் விவரப் பக்கத்தில் இது பெரும்பாலும் குறிப்பிடப்பட்டிருக்கும். தைத்துக் கட்டிய நூல் மேசையில் தட்டையாக விரியும். பசையால் மட்டும் ஒட்டியது விரியாது, வற்புறுத்தினால் பக்கங்கள் கழன்றுவிடும். இரண்டு பக்கங்களுக்குக் குறுக்கே படத்தை நீட்டி அச்சிட்டிருந்தால், நடு மடிப்பில் யாருடைய முகமாவது சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். அதுவே வடிவமைப்பாளரின் அக்கறைக்கு அளவுகோல். பழைய நூல்களைத் தேவைக்கேற்ப ஸ்கேன் செய்து அச்சடித்துத் தரும் மலிவான பிரதிகளை ஒளிப்பட நூல்களில் முற்றாகத் தவிர்க்க வேண்டும்.

பாதுகாப்புக்குப் பெரிய ஏற்பாடுகள் தேவையில்லை. நேர் வெயில் படும் சுவரில் அலமாரி கூடாது. முதுகுப் பகுதியின் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளிறும். கனமான பெரிய நூல்களை நிறுத்தி வைத்தால் உள்பக்கங்களின் எடை அட்டையிலிருந்து கீழ்நோக்கி இழுத்துக் கட்டு தளர்ந்துவிடும் என்பதால், அவற்றை இரண்டு மூன்றாகப் படுக்க வைக்கலாம். கையுறை தேவையில்லை; கழுவி நன்றாகத் துடைத்த கைகளே போதும். ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காடு இருப்பது நல்லது, சுவருக்கும் நூலுக்கும் இடையே காற்றோட்டம் வேண்டும். பெரும்பாலான ஒளிப்பட நூல்கள் பூச்சுத் தாளில் அச்சிடப்படுபவை. அந்தத் தாள் நனைந்து உலர்ந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது படமே உரிந்து வந்துவிடும். தண்ணீர் பட்டுவிட்டால் நூலை மூடாமல், ஈரம் இருக்கும்போதே பக்கங்களுக்கு இடையே மை உறிஞ்சும் தாளை வைத்து, மின்விசிறிக் காற்றில் தாள்களை மாற்றி மாற்றி உலர்த்த வேண்டும்.